நியூ ஜெர்சியில் நம் காருக்கு நாமே பெட்ரோல் போட ஏன் விடுவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து நேராக நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இதுவரை ஒருமுறைகூட சொந்தக் கையால் பெட்ரோல் போட்டதில்லை. அடுத்த மாதம் வேலை மாறிப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் போகிறீர்கள், அங்கே நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ஒருவர், நியூ ஜெர்சியின் தடைச் சட்டம் எப்போதோ தூக்கிப் போட்டிருக்க வேண்டியது என்கிறார். இன்னொருவர், அதனால்தான் இங்கே மனிதர் மனிதராக இருக்கிறார் என்கிறார். யார் சொல்வது சரி, நாமே போடுவது உண்மையிலேயே ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்த மாநிலத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்தச் சட்டத்தின் கதையை ஆரம்பத்திலிருந்து தேடித் தேடிப் படித்தவன். என் பதில் இதுதான்: சட்டம் பிறந்தது பாதுகாப்புக்காக அல்ல, விலைப் போட்டியை அடக்குவதற்காக. ஆனால் இன்று அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கதை. 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிராங்க் உல்ரிச் என்பவர் ஒரு பங்க் திறந்தார். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், காலனுக்கு 5 சென்ட் மிச்சம் என்பதுதான் அவருடைய விளம்பரம். கூட்டம் அலைமோதியது. அந்தக் காலத்து பங்க்கில் கார் வந்து நின்றால் சீருடை போட்ட ஆள் ஓடி வந்து பெட்ரோல் போட்டு, கண்ணாடி துடைத்து, ஆயில் பார்த்து, டயருக்குக் காற்றும் பார்ப்பார். அதையெல்லாம் விட்டுவிட்டு விலையைக் குறைத்தால் ஜனங்கள் வருவார்களா என்ற கேள்விக்கு, வருவார்கள் என்று பதில் கிடைத்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, 1949-இல், இதே காரியத்தை நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ரூட் 17-இல், இர்விங் ரைன்கோல்ட் என்பவர் செய்தார். 24 பம்ப்புகள். சுற்றிலும் எல்லோரும் காலன் 21.9 சென்டுக்கு விற்றபோது இவர் 18.9 சென்டுக்கு விற்றார். கார்கள் தெருத்தெருவாக வரிசை கட்டி நின்றன. அக்கம்பக்கத்து பங்க் முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய பங்க்கை நோக்கித் துப்பாக்கியால் சுட்டதாகவும், தான் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டுக்கொண்டதாகவும் அவரே பிற்காலத்தில் ஒரு செய்தித்தாளுக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கும் அவர் மசியவில்லை என்றதும் பங்க் முதலாளிகளின் சங்கம் சட்டமன்றத்துக்குப் போனது. அதே 1949-இல் சட்டம் வந்துவிட்டது. பங்க் ஊழியரைத் தவிர வேறு யாரும் வண்டிக்குப் பெட்ரோல் போடக் கூடாது. ரைன்கோல்ட் வழக்குப் போட்டார். 1951-இல் மாநில உச்ச நீதிமன்றம், இது பொதுமக்கள் பாதுகாப்புக்காகச் சட்டமன்றம் செய்யக்கூடிய காரியம்தான் என்று சொல்லி அவரைத் தோற்கடித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குத் தீ பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. டேங்க் நிறைந்ததும் தானே நின்றுகொள்கிற குழாய் அப்போது எல்லா இடத்திலும் இல்லை. சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்கிற காலம் வேறு. அதனால்தான் நியூ ஜெர்சி மட்டும் அல்லாமல், 1960-களின் கடைசியில்கூட இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படி ஒரு தடை இருந்தது. அப்புறம் 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, விலை எகிறியது, காலனுக்கு இரண்டு சென்ட் குறைந்தாலும் போதும் என்று ஜனங்கள் தேட ஆரம்பித்தார்கள். பம்ப்பைக் கடைக்குள்ளிருந்தே இயக்குகிற வசதி 1964-லேயே கொலராடோவில் வந்துவிட்டது. பின்னால் கார்டைப் பம்ப்பிலேயே தேய்க்கும் வசதியும் வந்தது. தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் மிஞ்சியவை நியூ ஜெர்சியும், 1951-இல் தடை போட்ட ஓரிகனும்தான். 2023 ஆகஸ்டில் ஓரிகனும் கதவைத் திறந்துவிட்டது. இப்போது 50 மாநிலங்களில் நாம் மட்டும் தனியாக நிற்கிறோம்.

சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருக்கிறது. ஏன் தடை என்பதற்கான காரணங்களையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தீ அபாயம், காசாளரால் எல்லாப் பம்ப்பையும் கண்காணிக்க முடியாமை, காப்பீட்டுச் செலவு, கர்ப்பிணிகளுக்குப் பெட்ரோல் ஆவியால் வரும் கேடு, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வரும் சிரமம், ஆள் போடும் பெட்ரோலுக்கு மற்ற மாநிலங்களில் கூடுதல் விலை வாங்குவதால் ஏழைகளுக்கு நேரும் அநியாயம். அபராதமும் ஓட்டுநருக்கு அல்ல, பங்க்குக்கு. முதல் முறை 50 முதல் 250 டாலர், அடுத்தடுத்து 500 வரை. நீங்கள் கையை வைத்தால் ஊழியர் பதறி ஓடி வருவது அதனால்தான். மாட்டப் போவது அவர் பக்கம்.

தீ என்ற காரணம் இன்று நிற்காது. மற்ற மாநிலங்களில் கோடிக்கணக்கான பேர் பல வருடங்களாகத் தாங்களே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் பங்க்குகள் எரிந்துகொண்டிருந்தால் நமக்குத் தெரியாமல் போகாது. காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் சத்தம் போட்டிருக்கும். நிலைமின்சாரத்தால் எப்போதாவது தீப்பிடிப்பது உண்டு. அதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவி என்ற காரணம்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் என்பது சந்தேகமே இல்லாமல் நிறுவப்பட்ட விஷயம். சரி, வாரத்துக்கு ஒருமுறை மூன்று நிமிடம் பம்ப் பக்கத்தில் நிற்கிற எனக்கு அது ஆபத்து என்று சட்டம் கவலைப்படுகிறது. தினமும் பத்து மணி நேரம் அங்கேயே நிற்கிறவருக்கு? அவருடைய நுரையீரலைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. 1998-க்குப் பிறகு படிப்படியாகப் புதுக் கார்களில் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற அமைப்பு கட்டாயமானதால் இந்த ஆபத்து எல்லோருக்குமே குறைந்திருக்கிறது. ஆனால் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை நிறுத்தி வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் வேலை செய்கிறார். ஜனவரி மாதம் அவரைப் பார்க்க வேண்டும். கம்பளிக் கையுறையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனியை மட்டும் வெட்டி விட்டிருப்பார். முழுக் கையுறையோடு கிரெடிட் கார்டைப் பிடிக்க முடியாது, கீழே விழுந்துவிடும், பனியில் குனிந்து பொறுக்க வேண்டும். பம்ப்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் கால் பக்கம் ஒரு ஹீட்டர். அதன் முன் உட்கார்ந்து விரலைச் சூடு காட்டுவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். நாமோ கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, "ஃபில் இட் அப், ரெகுலர்" என்று சொல்லி, கார்டை நீட்டி, உடனே கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒருநாள் அவரிடம், எல்லோரும் தானே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "இந்த வயதில் எனக்கு வேறு எவன் வேலை தருவான்?" என்றார்.

இந்த விவாதத்தில் கனமான வாதம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் சரியாக வராதவருக்கும், படிப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கும், புதிதாக வந்து இறங்கியவருக்கும் இங்கே முதலில் கிடைக்கிற வேலைகளில் இது ஒன்று. அந்த வேலை மற்ற மாநிலங்களில் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. பிரேசிலில் 2000 ஜனவரியில் 9956-ஆம் எண் சட்டம் போட்டு நாடு முழுக்கச் செல்ஃப் சர்வீஸ் பம்ப்பைத் தடை செய்தார்கள். அங்கே இந்தத் தடைக்காக முன்வைக்கப்பட்டது வேலைவாய்ப்பு. தென்னாப்பிரிக்காவிலும் அப்படியே. காரணத்தை நேராகச் சொல்லிவிட்டால் அதை ஏற்பதா மறுப்பதா என்று நேராகப் பேசலாம். நியூ ஜெர்சியில் வேலையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் தீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் பங்க்கில் ஆள் நிற்பதையும் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அங்கே ஆள் நிற்பதற்குக் காரணம் கூலி குறைவு என்பதுதான். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொல்கிறவரை நீக்கி எந்திரம் வைப்பதில் முதலாளிக்குப் பெரிய லாபம் இல்லை. கூலி உயரும் ஊரில்தான், ஆளைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டுமா என்ற கேள்வியே எழும்.

அடுத்தது விலை. உங்கள் அலுவலக நண்பர் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆள் போடுவதால் எவ்வளவு கூடுகிறது? ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-இல் இந்த மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 15 கார்களுக்குப் பத்துப் பத்துக் காலன் போட்டால் காலனுக்குப் பத்து சென்ட் வருகிறது. 30 கார் வந்தால் ஐந்து சென்ட். 12 காலன் டேங்க்குக்கு அறுபது சென்டிலிருந்து ஒண்ணேகால் டாலருக்குள். செல்ஃப் சர்வீஸ் பங்க்கிலும் கடைக்குள் ஓர் ஆள் உட்கார வேண்டும் என்பதால் இந்தத் தொகை முழுதும் மிச்சமாகாது.

ஆனால் ஜெர்சிக்காரர்களுக்கு இந்தச் செலவு வெகுகாலம் கண்ணில் படவே இல்லை. காரணம் வரி. 2016 அக்டோபர் வரை இங்கே மாநில பெட்ரோல் வரி காலனுக்கு 14.5 சென்ட்தான், நாட்டிலேயே மிகக் குறைந்த வரிகளில் ஒன்று. நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் வரி மிக அதிகம். அதனால் இங்கே ஆள் வந்து போட்டும் விலை குறைவு, அங்கே நாமே போட்டும் விலை அதிகம். ஆள் வைத்தால்கூட நம்மிடம்தான் மலிவு என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. 2016 நவம்பரில் வரியை ஒரேயடியாக 23 சென்ட் ஏற்றி 37.5 ஆக்கினார்கள். செலவை மறைத்த அந்தக் குறைந்த வரி போய்விட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை.

போகவில்லை என்பதற்கு அரசியலே சாட்சி. 2006-இல் ஆளுநர் ஜான் கார்சைன், டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் மட்டும் சோதனையாகச் செல்ஃப் சர்வீஸ் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னார். வந்த எதிர்ப்பில் சில வாரங்களிலேயே கைவிட்டார். 2022-இல் மறுபடி ஒரு மசோதா வந்தது. ஆள் போடும் பம்ப்புகளும் இருக்கட்டும், தானே போடும் பம்ப்புகளும் இருக்கட்டும் என்பதுதான் அது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈகிள்டன் மையம் அந்த வருடம் கருத்துக்கணிப்பு எடுத்தபோது 73 சதவீதம் பேர் ஆள் போடுவதே பிடிக்கும் என்றார்கள், தானே போட விரும்புவதாகச் சொன்னவர்கள் 22 சதவீதம். மசோதா நகரவில்லை.

2022-இல் அந்த மசோதாவுக்காக முன்னே நின்றது யார் தெரியுமா? பங்க் முதலாளிகளின் சங்கம். 1949-இல் ரைன்கோல்ட் ஆள் இல்லாமல் விற்றால் ஊரே எரிந்துவிடும் என்று தடை வாங்கிய அதே தரப்பு, கொரோனாவுக்குப் பிறகு ஆள் கிடைக்கவில்லை, பாதிப் பம்ப்பை மூடி வைக்க வேண்டியிருக்கிறது, செல்ஃப் சர்வீஸுக்கு வழி விடுங்கள் என்று கேட்டது. எழுபத்து மூன்று வருடத்தில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் தன்மை மாறவில்லை. மாறியது முதலாளியின் கணக்கு. இரண்டு முறையும் பேச்சு வாடிக்கையாளர் நன்மையைப் பற்றித்தான். பம்ப் பக்கத்தில் நிற்கிறவரை ஒருமுறையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஓரிகன் எப்படி மாறியது என்பதைப் பார்த்தால் நமக்குப் பாடம் இருக்கிறது. 1982-இல் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் தடையே இருக்கட்டும் என்றார்கள். சட்டத்தில் 17 காரணங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். மழையில் வழுக்கும் தரை, பணம் கட்டப் போகும்போது காரில் தனியாக விடப்படும் குழந்தை என்று போகும் அந்தப் பட்டியல். அங்கே பிரச்சினை கிராமப் பக்கம்தான் ஆரம்பித்தது. கிழக்கு ஓரிகனில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி. இரவில் பங்க் மூடியிருந்தால் டேங்க் காலியோடு நடுரோட்டில் விடியும் வரை உட்கார வேண்டும். எனவே 2016-இலிருந்து 40,000 பேருக்குக் குறைவான மாவட்டங்களில் இரவில் தானே போடலாம் என்றார்கள். 2018-இலிருந்து பகலிலும். அந்த நேரத்தில் ஓரிகன்காரர்கள் சிலர், தனக்குப் போடத் தெரியாது, பயமாக இருக்கிறது என்று எழுதியதைப் பார்த்து நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வேலையை வாழ்நாளெல்லாம் வேறொருவர் செய்து கொடுத்தால் அது நம் கைக்கு வராது, அவ்வளவுதான். 2020-இல் கொரோனா, 2021 ஜூனில் கொளுத்திய வெயில் என்று தற்காலிகத் தளர்வுகள் வந்தன. பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை என்று எல்லோரும் பார்த்தார்கள்.

2023-இல் ஆளுநர் டினா கோடெக் கையெழுத்திட்ட சட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. மக்கள்தொகை அதிகமுள்ள 16 மாவட்டங்களில் பாதிப் பம்ப்புகளுக்கு மேல் செல்ஃப் சர்வீஸாக மாற்றக் கூடாது, மீதியில் ஆள் நிற்க வேண்டும். ஆள் போட்டாலும் நீங்களே போட்டாலும் விலை ஒன்றுதான். இந்த இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விலை வித்தியாசம் வைத்தால் என்ன ஆகும்? வசதி உள்ளவர் ஆளை வைத்துப் போட்டுக்கொள்வார், மூட்டுவலிக்காரப் பாட்டி நாற்பது சென்ட் மிச்சம் பிடிக்கக் குளிரில் இறங்கி நிற்பார். மாற்றுத்திறனாளிகள் கேட்டால் பங்க்காரர்கள் கூடுதல் காசு வாங்காமல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா முழுக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரே ஓர் ஆள்தான் வேலையில் இருக்கிறார் என்றால் அந்தக் கடமை இல்லை. இரவு பத்து மணிக்கு எந்தப் பங்க்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள்?

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், நியூ ஜெர்சியும் ஓரிகன் வழியில் போகலாம் என்பேன். தன் காருக்குத் தானே பெட்ரோல் போடுவதைச் சட்டவிரோதம் ஆக்குவதற்கு நேர்மையான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரே இரவில் எல்லாப் பம்ப்பிலிருந்தும் ஆளை எடுத்துவிடுங்கள் என்பவர்களோடும் நான் இல்லை. பாதிப் பம்ப்பில் ஆள், ஒரே விலை. அதோடு, நிற்கிறவருக்கு நல்ல கூண்டு, கையுறை, குளிருக்கும் ஆவிக்கும் இடைவேளை. சட்டத்தின் பெயரில் பாதுகாப்பு என்ற வார்த்தை இருக்கத்தான் வேண்டும் என்றால் அது இந்தப் பக்கமும் திரும்பட்டும்.

இனி உங்கள் பிட்ஸ்பர்க் விஷயம். நாமே போடுவது ஆபத்து இல்லை, ஆனால் சில பழக்கங்கள் வேண்டும். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று டாஷ்போர்டில் பெட்ரோல் படத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறி காட்டும், அதைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிடுங்கள். பம்ப்பில் கார்டு போட்டால் பெரும்பாலும் ஜிப் கோடு கேட்கும். கார்டு பதிவாகியிருக்கும் விலாசத்தின் அஞ்சல் எண்ணைக் கொடுங்கள். வீடு மாறிய புதிதில் பலர் சிக்குவது இங்கேதான். 87 என்று போட்டிருப்பதுதான் ரெகுலர். பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

நாசிலை, அதாவது பெட்ரோல் குழாயின் கைப்பிடி முனையை, தொடும் முன் கார் கதவின் உலோகப் பகுதியை ஒருமுறை வெறுங்கையால் தொடுங்கள். பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்கும்போது குளிர்கிறது என்று காருக்குள் போய் உட்காராதீர்கள். சீட்டில் உரசி இறங்கும்போது உடம்பில் ஏறும் நிலைமின்சாரம்தான், திரும்பி வந்து நாசிலைத் தொடும்போது பொறியாகப் பாய்வது. குளிர்காலத்தில் காற்று வறண்டிருப்பதால் இது கூடுதலாக நடக்கும். ஒருவேளை தீப்பிடித்தால் நாசிலை வெளியே இழுக்கவே கூடாது. அப்படியே விட்டுவிட்டுக் காரில் இருப்பவர்களை இறக்கி விலகி வந்து, கடைக்காரரிடம் சொல்லிப் பம்ப்பை நிறுத்தச் சொல்லுங்கள். டேங்க் நிறைந்ததும் டக்கென்று தானே நிற்கும். நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் என்று அழுத்தாதீர்கள். மூடியைத் திருகும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கும் வரை திருகுங்கள். சரியாக மூடாவிட்டால் சில நாள் கழித்து இன்ஜின் விளக்கு எரியலாம்.

பிட்ஸ்பர்க்குக்குக் குடிபோகும் முன் முதல் தடவைக்கு யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையிலுள்ள டெலவர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் பக்கத்தில் நிறையப் பங்க்குகள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வரலாம்.